குவாண்டம் நெட்வொர்க்: ஒட்டுக்கேட்டா காட்டிக்கொடுக்குமா?

நம்ம வங்கித் தகவல்களைப் பூட்டி வைப்பது கடினமான கணிதம்தான். வருங்கால குவாண்டம் கணினிகள் அந்தப் பூட்டை உடைக்கலாம். இன்று திருடிச் சேமிக்கும் ரகசியத்தை அன்று படிக்கலாம் என்பதே கவலை.

தீர்வு என்ன?

ரகசியச் சாவியை ஒளித்துகள்களான ஃபோட்டான்களில் அனுப்புவது. நடுவில யாராவது அளந்து பார்த்தா அவற்றின் நிலை மாறிடும், விஷயம் தெரிஞ்சிடும். அந்தச் சாவியைக் கைவிட்டு, புதுசா உருவாக்கலாம்.

இந்தியாவின் திட்டம்?

தேசிய குவாண்டம் மிஷனுக்கு 2023-ல் சுமார் ரூ.6,003 கோடிக்கு ஒப்புதல் கிடைத்தது. இலக்கு, 2,000 கி.மீ. தூரப் பாதுகாப்பான இணைப்பு. இதற்கான ஆய்வு மையம் சென்னை ஐஐடியில் உள்ளது.

சிக்கல் எங்கே?

கண்ணாடி இழை கேபிளில் தூரம் கூடக்கூட ஃபோட்டான்கள் குறையும். அதனால் வழியில் இடைநிலையங்கள் வேண்டும். அங்கே சாவி திறந்த நிலையில் இருக்கும். ஆக, இயற்பியல் வழியைக் காக்கும். நிலையத்தை மனிதர்கள்தான் காக்கணும்.