மானியம் கேட்கப் போகும் முன்னே



சொட்டுநீருக்கு மானியம் உண்டு, ஏரி வண்டல் இலவசம் என்றெல்லாம் காதில் விழுகிறது. ஆனால் எந்த ஆபீசுக்குப் போவது என்று தெரியாமல் இரண்டு நடை அலைந்துவிட்டு, "அதெல்லாம் செல்வாக்கு உள்ளவனுக்குத்தான்" என்று திரும்பி வந்துவிடுகிறோம்.

நெல், பயறு, நிலக்கடலை, கரும்பு, தென்னை என்றால் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையம். வாழை, மஞ்சள், காய்கறி, பூ என்றால் தோட்டக்கலைத் துறை. நிலம் சமன் செய்ய, பண்ணைக்குட்டை வெட்ட, புல்டோசர் வாடகைக்கு எடுக்க வேளாண்மைப் பொறியியல் துறை. சொட்டுநீருக்கும் பயிரைப் பார்த்துத்தான் ஆபீசு.

ஆனால் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் பட்டாவை. நமது தமிழ்நாட்டில் 5 ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிக்குச் சொட்டுநீர் அமைக்க 100 சதவிகித மானியம்; மற்றவருக்கு 75 சதவிகிதம். அரசு நிர்ணயித்த விலைக்கு மேல் போனால் அது நம் கைச்செலவு. அப்பா காலமாகி வருஷம் பல ஆகியும் 12 ஏக்கரும் அவர் பேரிலேயே கிடக்கும். மூன்று அண்ணன் தம்பிகள் ஆளுக்கு 4 ஏக்கர் உழுதுகொண்டிருப்பார்கள். இது ஊருக்குத் தெரியும், சிட்டாவுக்குத் தெரியுமா? வாரிசுச் சான்று வாங்கி, பாகப்பத்திரம் பதிந்து, உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கிவிட்டால், வேறு நிலம் இல்லாத பட்சத்தில், மூவருமே சிறு விவசாயிகள். உடன்பிறந்த பெண்களுக்கும் பங்கு உண்டு என்பதை மறக்க வேண்டாம். அவர்களை விட்டுவிட்டு எழுதும் பத்திரம் நாளைக்குக் கோர்ட்டு வாசலில்தான் போய் நிற்கும்.

பட்டா சரியாகிவிட்டால் தாசில்தாரிடம் சிறு, குறு விவசாயி சான்று வாங்குங்கள். அதோடு சிட்டா, அடங்கல், நிலப்பட வரைபடம், ஆதார் நகல் சேர்த்து விண்ணப்பம் கொடுங்கள். ஒன்று சொல்கிறேன், நன்றாகக் கேளுங்கள். அவசரப்பட்டுக் குழாயை வாங்கிப் போட்டுவிட்டு மானியம் கேட்காதீர்கள். நிலத்தை வந்து பார்த்து, மதிப்பீடு போட்டு, பணி ஆணை கொடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

வண்டல் மண் சங்கதி இன்னும் சுலபம். 2024 முதல் தாசில்தாரே அனுமதி தருகிறார். இ-சேவை மையத்தில் மனு கொடுக்கலாம். ஏக்கருக்கு நன்செய்க்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் வரை எடுக்கலாம். மண்ணுக்குக் காசு கிடையாது. வெட்டுக்கூலியும் வண்டி வாடகையும் நம்முடையது. ஈரம் நிற்காத மணற்பாங்கான காட்டுக்கு இதைவிட மலிவான வைத்தியம் எனக்குத் தெரிந்து இல்லை. உங்கள் தாலுகாவில் எந்தெந்த ஏரி, குளத்துக்கு அனுமதி உண்டு என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். மனுவை மாசி, பங்குனியிலேயே கொடுத்துவிடுங்கள். ஏரியில் தண்ணீர் ஏறிவிட்டால் பிறகு அடுத்த கோடைதான்.