ஆவி பறக்கும் இட்டலியே நம்பகம்
108 திவ்விய தேசங்களுள் ஒன்றான திருநீர்மலையில் பெருமாளைச் சேவித்து மலைப்படிகளில் இறங்கும்போதே குழந்தைக்குப் பசி வந்துவிடும். பல்லாவரத்திலோ தாம்பரத்திலோ உணவகம் தேடும் நாம், பெயர்ப்பலகையைக் காட்டிலும் தட்டில் எழும் ஆவியையே பார்க்க வேண்டும்.

ஆறு மாதம் நிறைந்து திட உணவு உண்ணத் தொடங்கிய குழந்தைக்கு, அப்போதே வெந்த இட்டலியை இளஞ்சூடாக ஆற்றி, மசித்து ஊட்டுவோம். நெடுநேரம் வெளியில் இருந்த தேங்காய்ச் சட்னியைத் தவிர்ப்போம். கொதிக்கவைத்து ஆறிய நீரை வீட்டிலிருந்தே கொண்டுசெல்வோம். ஊட்டுமுன் சோப்பிட்டுக் கைகழுவுவோம்.

வழியில் வயிற்றுப்போக்கு கண்டால், ஓ.ஆர்.எஸ். பொடியை உறையில் குறித்த அளவு நீரில் கரைத்துச் சிறுகச் சிறுகப் புகட்டுவோம், தாய்ப்பாலை நிறுத்தலாகாது. கண் குழிந்து, சிறுநீர் குறைந்து, குழந்தை துவண்டால், வீடு திரும்பும்வரை காத்திராமல் அருகிலுள்ள மருத்துவமனைக்கு விரைவோம்.