கிருஷ்ணகிரிச் சீமையில் லுத்தரன் திருச்சபையாரின் கல்விப்பணி

ஒசூர் மாநகராட்சியைச் சேர்ந்த மூக்கண்டப்பள்ளியைத் தொழிற்சாலைகள் நிறைந்த இடமென்றே அனைவரும் அறிவர். ஆங்கிருந்து நெடுஞ்சாலை வழியே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிருஷ்ணகிரியில், நூற்றாண்டுக்கு முன் தொடங்கிய ஒரு கல்விப்பணியின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஒவ்வொருவனும் வேதத்தைத் தானே வாசித்தறிதல் வேண்டுமென்பது லுத்தரின் கோட்பாடு. பள்ளிகளை நிறுவுமாறு 1524-ஆம் ஆண்டிலேயே அவர் ஜெர்மானிய நகரசபையாருக்கு எழுதினார். ஆதலின் லுத்தரன் குருமார் சென்ற விடமெல்லாம் ஆலயத்தோடு பள்ளியும் உடன் எழுந்தது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, முதலில் தாமே மாணாக்கரானார். தமிழாசிரியர் ஒருவரைத் தம் மனையிலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவரோடு சிறுவராய் அமர்ந்து மணலில் எழுத்தெழுதிப் பழகினார். மக்களின் மொழியிலேயே கற்பித்தல் வேண்டுமென்னும் நெறி இவ்வாறு வேரூன்றிற்று.

அந்நெறி கிருஷ்ணகிரிக்கு வந்தது 1895-இல். லைப்சிக் மிஷனில் பணியாற்றி, வேதம் தேவ ஏவுதலால் எழுதப்பட்டதென்பது பற்றிய கொள்கை வேறுபாட்டால் அதனின்று நீங்கிய தியோடர் நேதர், பிரான்ஸ் மோன் என்னும் இருவர், அமெரிக்காவின் மிசூரி லுத்தரன் சபையாரால் அனுப்பப்பெற்றனர். நேதர் கிருஷ்ணகிரியில் தங்கினார். பணி ஆம்பூருக்கும் பரவிற்று. 1904-இல் நேதர் கிருஷ்ணகிரியிலேயே கொள்ளைநோய்க்கு இரையாயினார். எனினும் பணி நின்றிலது. 1907-இல் நாகர்கோவிலிலும் அது தொடங்கப்பெற்றது. 1958-இல் இச்சபைகள் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை என்னும் பெயரால் தன்னாட்சி எய்தின.

அக்காலத்துச் சிற்றூர்ப் பள்ளிக்கு இடையூறுகள் பல. சேலம் ஜில்லா 1876 முதல் 1878 வரை நேர்ந்த பெரும்பஞ்சத்தில் மிக நொந்த நிலம். கூலியால் உயிர்வாழும் குடும்பத்திற்கு, மாடு மேய்க்கும் சிறுவனின் வருவாயும் இன்றியமையாதது. அவனைப் பள்ளிக்கு அனுப்புதல் பெற்றோருக்கு உண்மையான இழப்பே. இதனினும் கொடிது சாதித்தடை. திண்ணைப்பள்ளியின் படியேறவொட்டாது விலக்கப்பட்டவர்தம் மக்களுக்கு, மிஷன் பள்ளியே பலவிடங்களில் முதற்கதவாயிற்று.

மிஷனார் மதப்பிரசாரத்தையும் கருதியே பள்ளி நடத்தினர் என்பதை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் எழுத்து ஓர் அரிய பொருள்; கொடுத்தவன் கருத்தோடு அது நின்றுவிடுவதில்லை. வேதம் வாசிக்கக் கற்ற சிறுவன், கடன்பத்திரத்தையும் நிலவரித் தீர்வையையும் வாசிக்க வல்லனாவான். கைந்நாட்டு வைத்து ஏமாறும் நிலை அவனுக்கில்லை.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் இவ்வெல்லைப்புறத்தில், இன்று தொழில் நாடிப் பிற மாநிலத்தாரும் வந்து குடியேறியுள்ளனர். அவர்தம் மக்கள் புரியாத மொழியில் பாடங் கேட்டுப் பின்வாங்காதிருத்தல் வேண்டும். ஆசிரியன் முதலில் மாணாக்கனின் மொழியைக் கற்றல் கடன் என்பதே தரங்கம்பாடி மணலில் எழுதப்பட்ட பாடம். அஃது இன்றும் அழிந்திலது.