கிடாருக்கு லாக்கிங் ட்ரெமோலோ மாற்றுவது: ஒரு மழுங்கின முனையின் கதை

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆம்பூரிலிருந்து ஒரு தம்பி, எலக்ட்ரிக் கிடாரை முதுகில் மாட்டிக்கொண்டு 14 கொண்டை ஊசி வளைவையும் பைக்கில் ஏறி ஏலகிரிக்கு வந்து சேர்ந்தான். உட்காரக்கூட இல்லை, பையைத் திறந்துவிட்டான்.

"அண்ணா, வாமி பாரைத் தொட்டாலே சுருதி போயிடுது. இன்னா பண்ணாலும் நிக்கல."

தம்பிக்கு ஷூ கம்பெனியில் வேலை. கிடார் அவனுடையது இல்லை, அவன் மாமாவுடையது. மாமா தொண்ணூறுகளில் மெல்லிசைக் குழுவில் வாசித்தவர். இப்போது அவர் இல்லை. கிடாரை ஒரு கடையில் காட்டியிருக்கிறான். "பிரிட்ஜ் போச்சு. புதுசு போடணும்னா பழைய ஓட்டையை அடைச்சுட்டு வேற இடத்துல துளை போடணும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவன் என்னிடம் வைத்தது ஒரே ஒரு நிபந்தனை: "மாமா கிடார்ல புது ஓட்டை மட்டும் வேணாம்ணா."

அந்த நிபந்தனையால்தான் நான் உட்கார்ந்து அளக்க ஆரம்பித்தேன். அளந்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். வேறு யாருக்காவது ஒரு துளை மிச்சமானால் நல்லது.

முதலில், இது என்ன சாமான்?

வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் சுரம் மேலே ஏறும், கீழே இறங்காது. ராணிப்பேட்டையில் பிறந்த கிடார் பிரசன்னா கர்நாடக சங்கீதத்தையே கிடாரில் வாசிக்கிறார். அந்த கமகமெல்லாம் இடதுகை விரல் வேலை. வாமி பார் வேறு வழியில் போகிறது. கம்பிகள் உட்கார்ந்திருக்கும் பிரிட்ஜையே சாய்க்கிறது. கீழே அமுக்கினால் ஆறு கம்பியும் தளர்ந்து சுரம் இறங்கும், மேலே தூக்கினால் ஏறும். சங்கீத இலக்கணப்படி இதற்குப் பெயர் வைப்ராட்டோ. சத்தம் கூடிக் குறைவதுதான் ட்ரெமோலோ. 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தபோது ஃபெண்டர் கம்பெனி இதை ட்ரெமோலோ என்று அழைத்தது. அந்தத் தப்பான பெயரே நிலைத்துவிட்டது.

பழைய மாடலில் சிக்கல் என்னவென்றால், கம்பி தளர்ந்து மறுபடி இறுகும்போது மூன்று இடத்தில் வழுக்கும்: முறுக்காணியில் சுற்றிய சுற்று, நட்டின் பள்ளம், சேடில். வழுக்கிய கம்பி பழைய இடத்துக்கு அப்படியே திரும்பாது. 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஃபிளாய்ட் ரோஸ் என்ற கிடார்காரர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். நகை வேலை தெரிந்தவர் அவர். நட்டிலும் பிரிட்ஜிலும் கம்பியை ஸ்க்ரூ போட்டுக் கவ்விப் பிடித்துவிட்டார். இரண்டு முனையும் பூட்டியாச்சு என்றால் நடுவில் வழுக்க எதுவும் இல்லை. 1979-ல் காப்புரிமை கிடைத்தது. எட்டி வான் ஹேலன் ஆரம்பத்திலேயே எடுத்து வாசித்தார், எண்பதுகளில் உலகம் முழுக்கப் பரவியது. நட்டைப் பூட்டிய பிறகு முறுக்காணியைத் திருப்பிப் பயன் இல்லை என்பதால், பிரிட்ஜின் பின்பக்கம் ஃபைன் டியூனர் என்று ஆறு குட்டித் திருகுகள் பிற்பாடு சேர்ந்தன.

கோளாறு எங்கே?

கம்பி வழுக்கவில்லை என்றால் சுருதி ஏன் போகிறது? இதைப் புரிந்துகொள்ள, பிரிட்ஜை ஒரு தராசாக நினையுங்கள். முன்பக்கம் கம்பிகள் இழுக்கின்றன. 9-42 செட்டை சாதாரண சுருதியில் ஏற்றினால் மொத்த இழுவை சுமார் 38 கிலோ, 10-46 செட் என்றால் சுமார் 47 கிலோ. கிடாரின் முதுகுப்பக்கக் குழியில் இருக்கும் ஸ்பிரிங்குகள் அதை எதிர்த்து இழுக்கின்றன. பிரிட்ஜ் இரண்டு ஸ்டட்டின் மேல் சாய்ந்து நிற்கிறது. பிரிட்ஜ் தகட்டில் ஸ்டட்டைத் தொடும் விளிம்பு கத்தி மாதிரி சீவப்பட்டிருக்கும், அதனால் அதைக் கத்திமுனை என்றே சொல்கிறார்கள். தராசின் முள் நிற்கும் இடம் அதுதான். அது மழுங்கினால் தராசு பொய் சொல்லும்.

கண்டுபிடிக்கச் சுலபமான சோதனை உண்டு. நன்றாகச் சுருதி சேர்த்துவிட்டு பாரைக் கீழே அமுக்கி விடுங்கள். டியூனரில் பாருங்கள். அப்புறம் மேலே தூக்கி விடுங்கள். மறுபடி பாருங்கள்.

ஒரே ஒரு கம்பி மட்டும் மாறினால், கோளாறு அந்தக் கம்பியின் கவ்வியில். ஸ்க்ரூ இறுக்கம் போதவில்லை, அல்லது கம்பி சரியாக உட்காரவில்லை. பிரிட்ஜை மாற்றத் தேவையில்லை.

ஆறு கம்பியும் சேர்ந்து, அமுக்கினால் சுருதி குறைந்தும் தூக்கினால் கூடியும் நின்றால், பிரிட்ஜ் நடுநிலைக்குத் திரும்பவில்லை என்று அர்த்தம். கத்திமுனையோ, ஸ்டட்டின் பள்ளமோ, மரத்தில் ஆடும் ஸ்டட்டோ காரணம்.

தம்பியின் கிடார் இரண்டாவது வகை. பிரிட்ஜைக் கழற்றி ஆம்பூரில் கட்டிங் டை செய்யும் ஒரு பாயிடம் கொண்டு போனோம். தோலை வெட்டும் எஃகு முனையைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். லென்ஸை வைத்து ஒரு நிமிஷம் பார்த்தார். "முனை சாப்பிட்டிருக்கு தம்பி. இது எஃகே இல்ல, வார்ப்பு. தீட்டிக் குடுத்தாலும் ஆறு மாசம்தான்" என்றார்.

என் தப்பையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சில வருஷத்துக்கு முன்னால் என் கிடாரில் கம்பி முழு இழுவையில் இருக்கும்போதே ஸ்டட்டைத் திருகி உயரத்தை மாற்றினேன். 38 கிலோ அழுத்தத்தோடு எஃகு மேல் கத்திமுனை உரசினால் என்ன ஆகும்? ஒரு நல்ல பிரிட்ஜ் அப்படித்தான் போனது. உயரம் மாற்றும் முன் கம்பிகளைத் தளர்த்துங்கள். எப்போதும்.

வாங்குவதற்கு முன் ஐந்து அளவு

பிராண்டு பெயரை அப்புறம் பார்க்கலாம். முதலில் வெர்னியரை எடுங்கள்.

ஒன்று, இரண்டு ஸ்டட்டுக்கும் உள்ள மையத் தூரம். மையத்தைக் கண்ணால் குறி வைக்க வேண்டாம். ஒரு ஸ்டட்டின் இடது விளிம்பிலிருந்து அடுத்ததின் இடது விளிம்புவரை அளந்தால் அதுவே மையத் தூரம். ஃபிளாய்ட் ரோஸ் வகையில் இது சுமார் 74 மி.மீ. உங்கள் அளவு அதிலிருந்து ஒரு மி.மீ. தள்ளி இருந்தாலும் நின்று யோசியுங்கள். ஸ்டட்டைச் சாய்த்து, அழுத்திப் பொருத்துவது வேலைக்கு ஆகாது.

இரண்டு, பிளாக்கின் ஆழம். பிரிட்ஜின் கீழே குழிக்குள் தொங்கும் உலோகக் கட்டை இது. 32, 37, 42 மி.மீ. என்று கிடைக்கும். ஆழம் அதிகமானால் பின்மூடியை இடிக்கும்.

மூன்று, ஸ்டட்டிலிருந்து சேடிலில் கம்பி தொடும் புள்ளி வரை உள்ள தூரம். பழையதிலும் புதியதிலும் இது நெருக்கமாக இருந்தால்தான் இன்டொனேஷன் சரியாக வரும்.

நான்கு, நட்டின் அகலம். லாக்கிங் நட் ஆர்2, ஆர்3, ஆர்4 என்று எண் போட்டு வரும். பழைய நட் நன்றாக இருந்தால் அதை மாற்றவே வேண்டாம். தம்பியின் கிடாரில் மாற்றவில்லை.

ஐந்து, குழியின் நீள அகலம். பாரைத் தூக்கும்போது பிரிட்ஜின் பின்பகுதி இறங்க இடம் வேண்டும். சில மாடலில் ஃபைன் டியூனர் பகுதி பெரிது. குழி சின்னதாக இருந்தால் மரத்தைச் செதுக்க வேண்டி வரும்.

அளந்து பார்த்தால் மாமாவின் கிடார் 74 மி.மீ., பிளாக் 37. அதாவது ரொம்பப் பொதுவான அளவு. வேறு துளை தேவையே இல்லை. கடையில் கையிருப்பில் இருந்த பிரிட்ஜுக்குத்தான் அந்தத் துளை தேவைப்பட்டிருக்கிறது!

எதை வாங்குவது?

ஒரிஜினல் ஃபிளாய்ட் ரோஸ் ஜெர்மனியில் தயாராவது. 1000 வரிசை கொரியாவில் அதே வடிவில் செய்வது. ஸ்பெஷல் என்பது விலை குறைவு, அதில் சேடிலும் பிளாக்கும் துத்தநாகக் கலவை வார்ப்பு. ஜப்பானின் கோட்டோ ஜிஇ1996டி இன்னொரு நல்ல தேர்வு, ஃபிளாய்ட் ரோஸுக்கு வெட்டிய குழியில் பெரும்பாலும் அப்படியே உட்காரும். பெயரே இல்லாமல் வரும் மலிவுச் சாமான்கள் தனி ரகம்.

பெயரில்லாததையோ பழையதையோ வாங்கினால் சின்ன காந்தம் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தகட்டில் நன்றாக இழுத்துப் பிடித்தால் எஃகு. துத்தநாக வார்ப்பில் பிடிக்காது. மேலே நிக்கல் முலாம் இருந்தால் லேசாக இழுக்கலாம், அதை நம்ப வேண்டாம். பளபளப்பைப் பார்த்து எடை போடக்கூடாது என்பது தோல் ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியாததா? மேல்பூச்சு எந்தத் தோலையும் அழகாகக் காட்டும்.

பட்ஜெட் இடித்தால் என் யோசனை இது: முழுக்க மலிவானதை வாங்குவதைவிட, நல்ல எஃகுத் தகடும் ஸ்டட்டும் உள்ள நடுத்தரமானதை வாங்குங்கள். பிளாக்கைப் பிறகு தனியாக மாற்றலாம். கத்திமுனையைத் தனியாக மாற்ற முடியாது.

பொருத்தும் வேலை

பின்மூடியைத் திறந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், எத்தனை ஸ்பிரிங், எந்தக் கொக்கியில் என்று. மரத்தில் திருகியிருக்கும் அந்தக் கொக்கித் தகட்டில் பொதுவாக ஒரு எர்த் வயர் பற்றவைத்திருக்கும். அது பிய்ந்தால் ஆம்பில் இரைச்சல் வரும். ஜாக்கிரதை. கம்பிகளைத் தளர்த்திக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்து, பிரிட்ஜை வெளியே எடுங்கள்.

புது பிரிட்ஜுக்கு அதனுடன் வந்த ஸ்டட்டைத்தான் போட வேண்டும். பழைய ஸ்டட்டின் பள்ளமும் தேய்ந்திருக்கும், புது முனையை அது கெடுத்துவிடும். மரத்துக்குள் இருக்கும் பழைய புஷ்ஷை எடுக்க ஒரு வழி உண்டு: உள்ளே ஒரு சின்ன இரும்புத் துண்டைப் போட்டு மேலிருந்து ஸ்டட்டைத் திருகுங்கள். ஸ்டட் அந்தத் துண்டை அழுத்த, புஷ் தானாக மேலே ஏறி வரும். நெம்பினால் பெயிண்ட் பிளக்கும்.

எங்களுக்கு ஒரு சோதனை இங்கே வந்தது. புது புஷ் துளையில் லேசாக ஆடியது. பாய் உடனே மெல்லிசாகச் சீவின தோல் ஒன்றைச் சுற்றலாம் என்றார். வேண்டாம் என்றேன். தோல் அமுங்கும், இத்தனை கிலோ இழுவையில் ஸ்டட் முன்னால் சாயும். மெல்லிய மரச்சீவலை ஒட்டி, பசை காய ஒரு நாள் விட்டு, புஷ்ஷை இறக்கினோம். அசையவில்லை. பாயின் தோலுக்கும் ஒரு வேலை கிடைத்தது: ஸ்பிரிங்குகளுக்கு அடியில் வைத்தோம், அந்த டொய்ங் என்கிற எதிரொலி அடங்கியது.

இனி சமநிலை. பலர் கோபத்தில் கிடாரை மூலையில் வைப்பது இந்தக் கட்டத்தில்தான். ஒரு கம்பியை ஏற்றினால் மற்ற ஐந்தும் இறங்கும், அதைச் சரி செய்தால் இது மாறும். இதற்கு ஒரு குறுக்குவழி: ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தளர்வாக வைத்து, பிளாக்குக்கும் குழியின் வால்பக்கச் சுவருக்கும் நடுவில் ஒரு மரத்துண்டைச் செருகுங்கள். பிரிட்ஜ் கிடாரின் முகத்துக்கு இணையாக நிற்கும் அளவுக்கு அதன் கனம் இருக்க வேண்டும். இப்போது பிரிட்ஜ் நகராது, ஆறு கம்பியையும் நிதானமாகச் சுருதி சேர்க்கலாம். ஃபைன் டியூனர்கள் பாதித் திருகலில் இருக்கட்டும். பிறகு முதுகுப்பக்கக் கொக்கியின் இரண்டு ஸ்க்ரூவையும் கால் சுற்று கால் சுற்றாக இறுக்குங்கள். ஒரு நொடியில் மரத்துண்டு தானாகக் கழன்று விழும். அங்கேதான் கம்பியும் ஸ்பிரிங்கும் சமம்.

கம்பியின் உருண்டை முனையை வெட்டிவிட்டுத்தான் சேடிலில் செருக வேண்டும். 3 மி.மீ. ஆலன் கீ போதும், முரட்டு பலம் வேண்டாம்.

இன்டொனேஷனுக்கு 12-வது ஃப்ரெட்டில் அழுத்திப் பாருங்கள். சுருதி கூடினால் சேடிலைப் பின்னால், குறைந்தால் முன்னால். ஒவ்வொரு முறையும் அந்தக் கம்பியைத் தளர்த்தித்தான் நகர்த்த வேண்டும். பொறுமையான வேலை, ஒரு மாலை ஆகும்.

நட்டைக் கடைசியில் பூட்டுங்கள். கம்பிகளைக் கையால் இழுத்து நீட்டி, ஒரு நாள் விட்டு, மறுபடி சுருதி சேர்த்த பிறகு. நட்டுக்குப் பின்னால் இருக்கும் அமுக்குப் பட்டை கம்பிகளை நட்டின் மேல் படிய வைக்க வேண்டும், இல்லையென்றால் பூட்டும்போது சுருதி ஏறும்.

மலைக்கு மேலே, மலைக்குக் கீழே

ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம். இங்கே பனியில் சேர்த்த சுருதி ஆம்பூர் வெயிலில் அப்படியே நிற்காது. சூட்டில் கம்பி நீளும், ஈரத்தில் மரம் மாறும், மிதக்கும் பிரிட்ஜ் இரண்டையும் காட்டிக் கொடுக்கும். அதனால் கடைசிச் சமநிலையை வாசிக்கப்போகும் ஊரிலேயே செய்யச் சொல்லி அனுப்பினேன். இன்னொன்றும் சொன்னேன்: மேடையில் ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி ஏறிவிடும், இந்த வகைக்கு அது பிறவிக் குணம். கூட ஒரு கிடார் இருந்தால் நிம்மதி.

பத்து நாள் கழித்து தம்பி ஒரு வீடியோ அனுப்பினான். பாரைக் கம்பி தளதளவென்று தொங்கும்வரை அமுக்கி விடுகிறான், டியூனரில் பச்சை விளக்கு திரும்பி வந்து நிற்கிறது. பழைய பிரிட்ஜைத் தூக்கிப் போடவில்லையாம். மாமா போட்டோவுக்குக் கீழே வைத்திருக்கிறானாம்.