சத்திரசிகிச்சைக்கு முந்திய இரவு

நாளைக் காலையிற் சத்திரசிகிச்சை என்று குறிக்கப்பட்ட நோயாளிக்கு இரவிலே உறக்கம் வருவதில்லை. வாட்டில் விளக்குகள் அணைக்கப்பட்ட பின்னரும் புரண்டு புரண்டு படுப்பார். மணி என்னவென்று இருமுறை கேட்பார். தலையணை சரியில்லை என்று குறை கூறுவார். பணிக்கு வந்த தாதி, அருகே வந்து, "ஒன்றுமில்லை ஐயா, பயப்பிடாதேயுங்கோ" என்று சொல்லி, போர்வையை இழுத்து மூடிவிட்டு அடுத்த கட்டிலுக்குச் செல்வார். அன்போடு சொல்லப்பட்ட சொல்தான் அது. ஆயினும், பயப்படாதே என்று சொல்வதனால் பயம் போய்விடுகின்றதா என்பதே கேள்வி.

பயம் மனத்தில் மட்டும் தங்குவதாயின் அதனை இத்துணை பாராட்ட வேண்டியதில்லை. 1936ஆம் ஆண்டில், மொன்றியல் நகரிலிருந்த ஹான்ஸ் செல்யே என்னும் ஆராய்ச்சியாளர், எலிகளைக் குளிர், காயம், நஞ்சு எனப் பலவகைத் துன்பங்களுக்கு உள்ளாக்கியபோது, துன்பம் வெவ்வேறாயினும் அவற்றின் உடலில் நேர்ந்த மாற்றங்கள் ஒரேவகையினவாய் இருக்கக் கண்டார். சிறுநீரகங்களின் மேலே தொப்பிபோல் அமைந்துள்ள அதிரினற் சுரப்பிகள் பருத்திருந்தன. இரைப்பையிற் புண்கள் தோன்றியிருந்தன. உடல் இவ்வாறு முறுகி நிற்கும் நிலையையே இன்று நெருக்கீடு என்கிறோம். அச்சமும் கவலையும் இதே நிலையை உண்டாக்கவல்லவை. அதிரினலின் சுரந்து இதயம் விரைந்து துடிக்கும். கோட்டிசோல் மிகுந்து, இரத்தத்திற் சர்க்கரை ஏறும். நோயை எதிர்க்கும் ஆற்றல் குன்றும்.

காயம் ஆறுவதும் தாமதிக்கும். 1995இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திற் செய்யப்பட்ட ஓர் ஆராய்ச்சி இதனைக் காட்டிற்று. அறிவு மங்கும் நோய்வாய்ப்பட்ட உறவினரை வீட்டில் வைத்துப் பராமரித்துவந்த 13 பெண்களின் முன்கையிலே 3.5 மில்லிமீற்றர் அகலமான சிறு காயம் செய்யப்பட்டது. அதே வயதும் வருமானமும் உடைய, அத்தகைய பாரமற்ற 13 பெண்களுக்கும் அவ்வாறே செய்யப்பட்டது. பராமரிப்பவர்களின் காயம் ஆறுவதற்கு ஏறத்தாழ ஒன்பது நாட்கள் கூடுதலாகச் சென்றன. நோயாளியைப் பார்க்கும் வீட்டாரையும் யாராவது பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

எனவே, கத்திக்கு முன் வரும் அச்சத்தைத் தணிப்பது உபசாரமன்று. சிகிச்சையின் ஒரு பகுதி. இதனை முதலிற் சோதித்துப் பார்த்தவர்களுள் றெற்றோ டூமாஸ் என்னும் கறுப்பினத் தாதியும் ஒருவர். அவரும் றொபேட் லெனாட் என்பவரும் யேல் பல்கலைக்கழகத்தில் நடத்திய பரிசோதனை 1963இல் வெளியாயிற்று. சத்திரசிகிச்சைக்குச் செல்லும் பெண்களுள் ஒரு சாராரோடு தாதி முன்கூட்டியே அமர்ந்து, அவர்களை வருத்துவது யாது என்று கேட்டறிந்து, அதற்கு வழி செய்தார். மற்றையோருக்கு வழக்கமான பராமரிப்பே கிடைத்தது. முதற்சாராரிடையே, மயக்கம் தெளிந்தபின் வாந்தி எடுத்தோர் குறைவு!

இங்கே நாம் கவனிக்கவேண்டியது, தாதி தாமாகவே ஊகித்துக்கொள்ளாமல் கேட்டறிந்தார் என்பது. தலையணை சரியில்லை என்பவருக்கு உண்மையில் தலையணைதான் குறையோ, அல்லது மயக்கத்திலிருந்து விழிக்காமற் போய்விடுவோமோ என்ற ஏக்கமோ, யார் அறிவார்? தாம் கண்டதை நோயாளியிடமே சொல்லி, அது சரிதானா என்று வினவ வேண்டும் என ஐடா ஜீன் ஒர்லாண்டோ என்னும் தாதியியல் ஆசிரியை 1961இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தினார். எளிய விடயம்போல் தோன்றும். செய்துபார்த்தால் அருமை தெரியும்.

கேட்டாயிற்று, பிறகு சொல்வது எதனை? இதற்கு விடை கண்டவர் ஜீன் ஜோன்சன் என்னும் அமெரிக்கத் தாதி. கை அல்லது கால் முறிந்து பாரிஸ் சாந்துக் கட்டுப் போட்ட பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். கட்டை அகற்றும் நாளில், இரைந்து அதிரும் வாளொன்று கையருகே வருகின்றது. கையையே அறுத்துவிடும் என்று பிள்ளை வீரிட்டு அழாமல் என்ன செய்யும்? 1975இல் வெளியான ஆராய்ச்சியில், ஜோன்சனும் அவருடைய சகாக்களும் இத்தகைய 84 பிள்ளைகளை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை. இன்னொரு பிரிவுக்கு, வைத்தியர் செய்யப்போவது இன்னதென்று விளக்கப்பட்டது. மூன்றாவது பிரிவினரோ, பிள்ளை தானே உணரப்போவதை ஒலிப்பதிவிற் கேட்டனர்: வாளின் இரைச்சல் இப்படியிருக்கும், கை அதிரும், சற்றுச் சூடாயிருக்கும், வெண்தூள் பறக்கும், கட்டைக் கழற்றியதும் கை இலேசாகத் தோன்றும். இம்மூன்றாம் பிரிவுப் பிள்ளைகளே மிகக் குறைவாகக் கலங்கினர்.

ஜோன்சன் இதற்கு முன்னர், 1973இல், வளர்ந்தோரிடத்தும் இதையே கண்டிருந்தார். கையை இறுக்கும் பட்டியினால் நோவு உண்டாக்கியபோது, என்ன உணர்வு வரும் என்று முன்னரே அறிந்தவர்களுக்கு நோவின் அளவு குறையவில்லை; அதனால் வந்த வேதனையே குறைந்தது. நோவு வேறு, வேதனை வேறு. வரப்போவது இன்னதென்று தெரிந்தால், வரும்போது அது திகிலாக மாறுவதில்லை. பிரித்தானியாவில் ஜெனிபர் போர் என்னும் தாதி, முன்கூட்டியே விளக்கமும் பயிற்சியும் பெற்ற நோயாளரின் சிறுநீரைச் சோதித்து, நெருக்கீட்டின் அடையாளமான சுரப்புப் பொருள் குறைந்திருந்தமையை 1978இல் எடுத்துக்காட்டினார். செல்யேயின் எலிகளிற் கண்டது இங்கே மனிதரில் தணிந்து நின்றது எனலாம்.

ஆயின் எல்லாருக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிடலாகாது. ஒருவர் துருவித்துருவிக் கேட்டால்தான் அமைதியடைவார். இன்னொருவர், "எனக்குச் சொல்லவேண்டாம், செய்யிறதைச் செய்யுங்கோ" என்பார். சுசான் மில்லர் என்பவரின் 1983ஆம் ஆண்டு ஆராய்ச்சி, இவ்விரு சாராருக்கும் அவரவர் இயல்புக்கேற்ற அளவில் விளக்கம் கொடுத்தபோதே உடலின் பரபரப்புக் குறைந்ததெனக் கண்டது. அளவறிந்து பேசுவதும் தாதியின் தொழிற்றிறமையே.

இத்துணை பயனுள்ளதாயின், எல்லா வாட்டுகளிலும் இது நடைபெறாதது ஏன்? ஆட்பற்றாக்குறை ஒரு காரணம். அதனை யாவரும் அறிவர். ஆழமான காரணமொன்றை இசபெல் மென்சீஸ் என்பவர் இலண்டன் ஆஸ்பத்திரி ஒன்றை ஆராய்ந்து 1960இல் எழுதினார். நோயையும் மரணத்தையும் நாள்தோறும் பார்க்கும் தாதியின் நெஞ்சும் நடுங்குகின்றது. அந்நடுக்கத்திலிருந்து காக்கவே, ஒருவர் வெப்பநிலை பார்க்கவும் இன்னொருவர் மருந்து கொடுக்கவுமாக வேலை துண்டாடப்படுகின்றது. நோயாளியின் பெயர் மறைந்து, கட்டில் இலக்கமும் நோயுற்ற உறுப்பும் நிலைக்கின்றன. தாதியைக் கல்நெஞ்சர் என்று திட்டுவோர் இதனைச் சிந்திப்பாராக. கல்லாயிருந்தால் இத்தகைய காப்பு எதற்கு?

விளக்கம் கொடுப்பதைச் சர்வரோக நிவாரணி என்றும் எண்ணிவிட வேண்டாம். 2016இல் வெளியான ஒரு பெருந்தொகுப்பு, இத்துறையில் 105 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து நோக்கியது. நோவும் கலக்கமும் குறையக்கூடும், ஆஸ்பத்திரியில் தங்கும் காலமும் ஏறத்தாழ அரைநாள் குறையக்கூடும் என்பதே அதன் முடிபு. சான்றுகளின் தரம் போதாதென்றும் அது ஒளியாமற் கூறிற்று. எனினும், இம்மருந்துக்குப் பணம் செலவாவதில்லை.

பார்வை நேரத்தில் தோடம்பழத்தோடு போகும் வீட்டாரும் இதில் உதவலாம். கட்டிலைச் சூழ்ந்து நின்று, இன்னாருக்கு இதே சத்திரசிகிச்சையில் என்ன நேர்ந்தது என்ற கதையை வீட்டிலேயே விட்டுவரலாம். தாதியிடம் நேரம் பார்த்து, பணிவாய்க் கேட்கலாம்: விழிக்கும்போது எந்த வாட்டில் இருப்பார்? மூக்கிலோ கையிலோ குழாய் இருக்குமா, எத்தனை நாளைக்கு? இருமும்போது காயத்தை எப்படிப் பிடித்துக்கொள்வது? நோவு வந்தால் யாரைக் கூப்பிடுவது? நோயாளி கேட்கத் தயங்கி, இரவெல்லாம் விழித்துக் கிடப்பது பெரும்பாலும் இந்த நாலு கேள்விகளுக்காகவே.