மண்ணுக்குள் மறைந்த வடிகாலைத் தேடிப் படம் எழுதுதல்

நீர் இல்லாமையால் பயிர் கருகுவதை நாம் நன்கறிவோம். நீர் மிகுந்து வேர் மூச்சுத் திணறி மடிவதும் உண்டு. அமெரிக்காவில் ஒஹையோ, இந்தியானா, இல்லினாய், அயோவா ஆகிய மாநிலங்களின் உழவர்க்குப் பின்னதே பெருந்தொல்லை. அங்கே நிலம் பெரும்பாலும் சமதளம். பல இடங்களில் அடிமண் களிமண். பனி உருகும் பருவத்தில் நீர் வடிய வழியின்றித் தேங்கும். ஆகவே மூன்று, நான்கு அடி ஆழத்தில் குழாய்களைப் புதைத்து மிகை நீரை ஓடைக்குக் கடத்துகின்றனர். 2017-ஆம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி இவ்வாறு வடிகால் அமைந்த நிலம் அந்நாட்டில் 5 கோடி ஏக்கருக்கும் அதிகம்.

இதற்கு வழிகாட்டியவர் ஜான் ஜான்ஸ்டன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர். நியூயார்க் மாநிலத்து ஜெனீவா நகருக்கு அருகே குடியேறிய இவர், 1835-இல் தாய்நாட்டிலிருந்து ஓட்டின் மாதிரியைத் தருவித்து, அதுபோல் களிமண்ணில் செய்வித்து, 1838-இல் தம் வயலில் புதைத்தார். மட்பாண்டத்தை மண்ணில் புதைக்கிறார் என்று அயலார் நகைத்தனராம். கோதுமை விளைச்சலைக் கண்டபின் நகைப்பு நின்றது. ஓரடி நீளமுள்ள சுட்ட மண்குழாய்களைச் சாந்து பூசாமல் ஒன்றன்பின் ஒன்றாக வைப்பதே முறை. இணைப்புகளின் இடுக்கு வழியே நீர் உட்புகும். பிற்காலத்தில் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய்கள் வந்தன.

இடர் யாதெனில், புதைத்தவர் பலர் படம் எழுதி வைக்கவில்லை. குழாய் எங்கே ஓடுகிறதென்பது ஒருவர் நினைவில் மட்டும் இருந்தது; அவர் காலமானதும் அதுவும் மறைந்தது. நிலத்தை வாங்கியவர் நடுவயலில் நீர் தேங்குவதைக் காண்கிறார். எந்தக் குழாய் உடைந்தது, எவ்விடத்தில் அடைத்தது என்று அறியாமல் தோண்டினால் கூலியும் பருவமும் வீணாகும். அயலார் நிலத்து நீரும் அதே குழாயில் வருமானால், தவறாக வெட்டிய ஒரு வெட்டு இருவர் பயிரையும் மூழ்கடிக்கும்.

தேடுவோர் முதலில் ஓடைக்கரையில் குழாயின் வாயைக் கண்டுபிடிப்பர். அங்கிருந்து மேல்நோக்கி, நுனி சற்றுப் பருத்த இரும்புக் கம்பியை மண்ணில் குத்திக்கொண்டே செல்வர். கம்பி ஓட்டில் முட்டுவது கைக்குத் தெரியும். பழைய மண்குழாயை உடைக்காமல் குத்துவதற்குப் பழக்கம் வேண்டும்.

மற்றொரு முறை மிக நயமானது. நல்ல மழை பெய்து இரண்டு, மூன்று நாள் கழித்து, பயிரில்லாத வயலை வானிலிருந்து படம் பிடிப்பது. குழாயின் மேலுள்ள மண் முதலில் உலரும். உலர்ந்த மண் வெளிறித் தோன்றும். தறியில் பாவு விரித்தாற்போல் இணைகோடுகளோ, மீன்முள்போல் கிளைக்கோடுகளோ படத்தில் தெரியும். ஒரு நாள் முந்தினால் வயல் முழுதும் கறுப்பு. பிந்தினால் முழுதும் வெளிறல். முன்னர் விமானத்திலிருந்து எடுத்ததை இன்று ஆளில்லாச் சிறு வானூர்தியால் எடுக்கின்றனர்.

தரைக்குள் வானொலி அலை செலுத்தும் ராடார் கருவியும் பயன்படுகிறது. ஒஹையோவில் 14 சோதனைத் திடல்களில் இது சராசரியாக 100-க்கு 72 பங்கு குழாயைக் கண்டறிந்ததாக 2004-இல் ஆய்வாளர் வெளியிட்டனர். ஆயினும் களிமண் அவ்வலையை விழுங்கிவிடும். வடிகால் மிகுதியும் தேவைப்படுவது களிமண்ணிலேயே என்பதுதான் வேடிக்கை. எனவே கருவி காட்டிய இடத்தையும் கம்பியால் குத்தி உறுதி செய்துகொள்வது நலம்.

பெரிய குழாய்களைப் பொறுத்தவரை நிலை சற்று மேல். அயோவா போன்ற மாநிலங்களில் நிலவுடையோர் சேர்ந்து வடிகால் வட்டம் அமைத்து, அவரவர் பெறும் நன்மைக்கேற்பச் செலவைப் பங்கிட்டுக்கொள்கின்றனர். நம் கூட்டுறவு அங்கத்தினர்க்கு இவ்வேற்பாடு புதிதாகத் தோன்றாது. இவ்வட்டங்களின் குழாய்க்குக் கணக்கும் படமும் உண்டு. தனியார் கிளைக்குழாய்களுக்கே அவை இல்லை.

கண்டறிந்த கோட்டை உடனே படமாக்க வேண்டும். கொடி நட்டுவிட்டு வீடு திரும்பினால் அடுத்த உழவில் கொடி போய்விடும். அசையாத இரு குறிகளிலிருந்து, அதாவது எல்லைக்கல், பாலம் போன்றவற்றிலிருந்து, ஒவ்வொரு திருப்பத்தையும் அளந்து குறிப்பர். ஆழம், குழாயின் விட்டம், நீர் ஓடும் திசை, பழுது பார்த்த ஆண்டு ஆகியவற்றையும் அருகே எழுதி, ஒரு பிரதியை நிலப் பத்திரத்துடன் வைப்பர்.