மார்கழியில் பூ, தவணைக்குப் பணம்



பூந்தோட்டத்துக்குக் குழுக் கடன் வாங்கிய உறுப்பினர்களைப் பார்க்கப் போனால், மார்கழி, தை மாதங்களில் நாங்கள் கேட்பது ஒரே பேச்சுத்தான். "மல்லி கிலோ ஆயிரம் ரூபாய்க்கு மேல போகுதாம். நம்ம செடியில பறிக்கத்தான் பூ இல்ல." ஆனால் தவணை மட்டும் மாதாமாதம் வந்து நிற்கிறதே!

குண்டுமல்லி வெயிலுக்குப் பூக்கும் செடி. புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். குளிரும் பனியும் வந்தால் தளிர் ஓடாது; மொட்டும் குறையும். இது நோய் இல்லை. இதற்காக மருந்து அடிப்பதும் உரத்தை அள்ளிப் போடுவதும் வீண் செலவு.

என்ன செய்யலாம்?

1. கவாத்து: குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரம் விட்டு வெட்ட வேண்டும். பிச்சியை டிசம்பர் கடைசியிலும், முல்லையை ஜனவரி கடைசியிலும் 45 செ.மீ. விட்டு வெட்டலாம். "வெட்டினா செடி போயிடுமே" என்று பயப்பட வேண்டாம். வெட்டிய பிறகு தொழு எரு வைத்துத் தண்ணீர் விட்டால், வெயில் ஏற ஏறத் தளிரும் மொட்டும் சேர்ந்தே வரும்.

2. கலந்து நடுதல்: இருக்கிற நிலம் முழுவதும் குண்டுமல்லியே வைக்காதீர்கள். 20 சென்ட் இருந்தால் 5 சென்டில் காக்கடா வையுங்கள். அது குளிர் காலத்திலும் பூக்கும். வாசனை குறைவுதான். ஆனால் மல்லி வராத நாளில் மாலை கட்ட அதைத்தான் தேடுவார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2019-இல் வெளியிட்ட கோ.1 நட்சத்திர மல்லி ஆண்டு முழுவதும் பூக்கும் ரகம்.

3. ஊரைப் பார்த்து நடுதல்: வெயிலும் வடிகாலும் உள்ள இடம் மல்லிக்கு வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். பனி கொட்டும் மலை ஊருக்குக் குண்டுமல்லி ஒத்து வராது.

4. தவணை: முதல் ஆண்டில் பூ கொஞ்சந்தான் வரும். இரண்டாம் ஆண்டிலிருந்துதான் வரத்து கூடும். இதைக் கடன் கேட்கும்போதே குழுவில் சொல்லுங்கள். பூக்கும் மாதத்தில் கூடவும், பூ இல்லாத மாதத்தில் குறைவாகவும் தவணை வைக்க முடியுமா என்று பேசித் தீர்மானம் எழுதுங்கள். வெயில் காலத்து வருமானத்தில் வாரா வாரம் ஒரு தொகையைச் சேமிப்பில் போட்டு வையுங்கள்.

செடி ஓய்வெடுக்கும் மாதம் எது என்று தெரிந்தால், கந்துவட்டிக்காரர் வாசலுக்கு நாம் போக வேண்டியதில்லை. அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டிப் பேசுங்கள், சகோதரிகளே!